நாலரை அங்குலப் பணிவு

எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அவரைக் கடைத்தெருவில் பெயர் சொல்லி அழைத்தவர் ஒருவருமில்லை. 'அரையங்குலம்' என்றால்தான் தெரியும். பணியில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஒரு ஜவுளிக்கடையின் அளவுகோல் அரை அங்குலம் குறைகிறதென்று கண்டு அதைப் பறிமுதல் செய்தார். "தினமும் துணி உரசுது சார், தேய்ஞ்சிருக்கும்" என்றார் கடைக்காரர். "தேயட்டும். ஒரு கடையிலயாவது வாங்குறவங்களுக்கு லாபமா தேய்ஞ்சு நான் பார்த்ததில்லையே" என்று சொல்லிவிட்டு, கோலைச் சணல் கயிற்றால் கட்டி, சீட்டு ஒட்டி, தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே அலுவலகம் போய்ச் சேர்ந்தார். அன்று கடைத்தெரு வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் ஏறாததொன்றே குறை.

வேலையில் இருந்த கண்டிப்பு வீட்டிலும் இருந்தது. திருமணமான புதிதில் மனைவி ஆசையாக வாங்கி வந்த மேசை விரிப்பை அளந்து பார்த்து, ஒரு பக்கம் கால் அங்குலம் கோணல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கதவு, கட்டில், பால் குவளை, நாளிதழின் ஓரம் என்று அவர் வீட்டில் அளவு நாடா படாத பொருள் கிடையாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது படுக்கையறைச் சுவரில், தனக்கென்று அடிக்கப்பட்ட இரண்டு கொக்கிகளில் கிடந்த கைத்தடி.

அக்கைத்தடி அவருடைய தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து சித்தப்பாவுக்கும், சித்தப்பாவிடமிருந்து அவருக்கும் வந்தது. வைத்திருப்பவருக்கு எழுபது நிரம்பினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டுமென்பது முறை. அது வந்த வரலாற்றைத் தாத்தா தம் கையாலேயே குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 'அலுவலகத்தில் சிறு தீ. கோப்புகள் தப்பின. மேலதிகாரி மகிழ்ந்து தம் கைத்தடியை அளித்தார்.' அவ்வளவுதான். அதன்பின் அந்தத் தீயை ஊதி வளர்த்தவர்கள் வாரிசுகள். அப்பாவின் காலத்தில் ஓர் அறை முழுவதும் எரிந்தது. சித்தப்பாவின் காலத்தில் ஒரு மாடி எரிந்தது. இப்போது ஆண்டுதோறும் குடும்பக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லும் பொறுப்பு அவருடைய தம்பிக்கு. தம்பியின் கையில் மூன்று மாடிகள் எரிந்தன; போன ஆண்டு மேல்மாடியிலிருந்து தட்டச்சு செய்யும் பெண்ணொருத்தியும் காப்பாற்றப்பட்டாள்.

கைத்தடியோடு சேர்ந்து இன்னொன்றும் கைமாறி வந்தது. அதற்குக் குடும்பத்தில் 'நம்ம வீட்டுப் பணிவு' என்று பெயர். தடியை ஊன்றிய நால்வரும் சற்றே முன்குனிந்து, வலத்தோள் தாழ, எதிரில் வருபவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி நடப்பார்கள். கூட்டுப் புகைப்படங்களில் தரையில் விழுந்த எதையோ தேடுகிறவர்கள்போல் நிற்பார்கள். பெரிய மனிதர்கள் இந்த நடையைப் பார்த்து மெச்சியிருக்கிறார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் தடி கைக்கு வரும்வரை நிமிர்ந்தே நடந்து, கடைக்காரர்களைக் கண்ணுக்குக் கண் பார்த்து நடுங்கச்செய்த அரையங்குலமும், தடி வந்த மூன்றாம் மாதமே பணிவுக்குள் வந்து சேர்ந்தார். அந்தப் பணிவுக்கு அவருடைய மனைவி எட்டு ஆண்டுகளாகத் தினமும் இருவேளை முதுகில் தைலம் தேய்த்து வந்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுபது நிரம்புகிறது. தடியைத் தம்பியிடம் கொடுக்கக் கூடம் பேசியாயிற்று, நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை குளியலறையின் மேல் சன்னல் திறக்க மறுத்தது. நாற்காலி இழுத்துப் போடச் சோம்பல்பட்டு, அவர் சுவரிலிருந்த கைத்தடியை எடுத்து அதன் வளைந்த கைப்பிடியால் சன்னலின் கொண்டியை மாட்டி இழுத்தார்.

"என்ன சத்தம் அங்கே?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டார்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு சத்தமா?"

மனைவி வந்து பார்த்தபோது அவர் கையில் தடியின் உடல் இருந்தது. கைப்பிடி சன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. நடப்பதைத் தவிர வேறெதற்கும் அந்தத் தடியைத் தொடக்கூடாதென்பது குடும்பச் சட்டம். சித்தப்பா ஒரு தடவை தெருநாயை அதட்டுவதற்கு அதை ஓங்கியதை இரண்டு ஆண்டுகள் பேசித் தீர்த்தார்கள்.

"சின்னவருக்குத் தெரிஞ்சா?" என்றார் மனைவி. சின்னவர் என்றால் தம்பி.

"தெரியாது. தெரியக்கூடாது. எட்டு வருஷமா வாயைத் திறந்துக்கிட்டுக் காத்திருக்கான். இது போதும் அவனுக்கு, சாகற வரைக்கும் சொல்லிக்காட்ட."

உடைந்த தடயமே தெரியாமல் ஒட்டித் தரக்கூடியவர்கள் ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். மருந்துக்கடைக்கும் புகைப்பட நிலையத்துக்கும் நடுவே, மூன்று மாடிகளும் ஒற்றைக் கதவும் உடைய ஒடுக்கமான கட்டடம். பலகையில் 'குடை, கைத்தடி, பழுது' என்ற மூன்று சொற்கள்; அவற்றின் கீழே நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆண்டு. புதன்கிழமை அவர் போனபோது வாசலில் ஏழெட்டுப் பேர் அந்தப் பலகையின்கீழ் நின்று மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு தம்பதி கடையிலிருந்த சிவப்புக் குடையை விரித்து, தலைசாய்த்துச் சிரித்து, படமெடுத்தபின் மடக்கி, எடுத்த இடத்துக்கு அடுத்த இடத்தில் வைத்தார்கள். கல்லாவுக்கு மேலே ஒரு சிறு அறிவிப்பு: 'இங்கே படம் எடுக்கலாம். எடுத்தபின் குடை வாங்கவும் செய்யலாம்.'

கைத்தடிகள் கண்ணாடி அலமாரிகளில் விலை வரிசையில் இல்லை, உயர வரிசையில் நின்றன. கதவோரத்தில் குழந்தைக்கானது போன்ற ஒன்றில் தொடங்கி, கடைசியில் ஒட்டகத்துக்கே பொருந்தும்போலிருந்த ஒன்றில் முடிந்தன. தரையில் கதவிலிருந்து பின்சுவர்வரை பித்தளைப் பட்டை ஒன்று பதிந்திருந்தது. வாங்க வருபவர் அதன்மீது பன்னிரண்டு அடி நடந்து காட்ட வேண்டும். பின்சுவரில் ஆளுயர அளவுக் கம்பம்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மேசை விளக்கின்கீழ் ஒரு குடைக் கம்பியின் மூட்டில் செப்புக் கம்பி கோத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"சார், நீங்க அளவு ஆபீஸ் சார்தானே? அப்பா இருந்தப்ப வருஷா வருஷம் வருவீங்க, கம்பத்துக்கு முத்திரை அடிக்க. நான் அப்ப மேல்மாடியில கம்பி எண்ணிக்கிட்டு இருப்பேன்."

"மூணு வருஷம் வந்தேன். அப்புறம் மாத்திட்டாங்க" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு, துணிப்பையிலிருந்து தடியின் இரு பாதிகளையும் குற்றவாளியைப் போல் எடுத்து மேசைமேல் வைத்தார். "சனிக்கிழமைக்குள்ள வேணும். வெளியில தெரியக்கூடாது."

"எது தெரியக்கூடாது? உடைஞ்சதா, ஒட்டினதா?"

"ரெண்டும்."

கடைக்காரம்மா வெள்ளிப் பூணை மெல்லக் கழற்றினார். உடலின் கழுத்துப் பகுதியில், இத்தனை ஆண்டுகள் பூணுக்குள் மறைந்திருந்த மரத்தில், ஊசியால் கீறிய எண் ஒன்று தெரிந்தது: 1126. அவர் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுந்துபோய், பின்னறையிலிருந்து ஒரு தடித்த பதிவேட்டைத் தூக்கி வந்தார்.

அந்தக் கடையின் வழக்கம் இது. பழுதுக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு வரி. வெளியே தெரியாத இடத்தில் எண்ணைக் கீறிவிடுவார்கள். பொருள் உரியவர் கைக்குப் போனதும் வரியின்மேல் சிவப்பு மையால் கோடு இழுப்பார்கள். ஆண்டு முடிவில் கோடு விழாத வரிகளையெல்லாம் புதிய பதிவேட்டில், பழைய எண்ணோடு, சொல் மாறாமல் கையால் எழுதுவார்கள். பொருள் போய்ச் சேரும்வரை வரிக்கு ஓய்வில்லை.

"அறுபத்தெட்டு வருஷமா எழுதறோம் சார் இந்த வரியை. முப்பது தடவை நானே எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'1126. கைத்தடி. எருமைக்கொம்புக் கைப்பிடி, வெள்ளிப் பூண். நீளம் முப்பதரை அங்குலம். கொடுத்தவர் தையற்பள்ளித் தலைமையாசிரியை. உயரம் நாலடி ஒன்பதங்குலம். பழுது: கைப்பிடி ஆட்டம். சரிசெய்யப்பட்டது.'

அதற்கு அடுத்த வரியும் கோடு விழாமலே இருந்தது.

'1127. ஆண்களுக்கான கறுப்புக் குடை. மூன்று கம்பிகள் முறிவு. கொடுத்தவர் அலுவலக எழுத்தர். உயரம் ஐந்தடி பதினோரங்குலம். குறிப்பு: சொன்ன நாளில் குடை தயாராகவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னோம். கோபித்துக்கொண்டு, மழையில் வெறுங்கையோடு போக முடியாதென்று சத்தமிட்டுச் சென்றார். அவர் சென்றபின் தட்டில் 1126 காணப்படவில்லை. இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்று சொல்வதற்கில்லை. இல்லை என்றும் சொல்வதற்கில்லை.'

எழுத்தரின் முகவரியும் எழுதப்பட்டிருந்தது. அது அரையங்குலம் பிறந்த வீட்டின் முகவரி. அவர் கோபித்துக்கொண்டு போன தேதியும் இருந்தது. குடும்பக் குறிப்பேட்டில் தீப்பிடித்ததாகத் தாத்தா எழுதியிருந்த அதே தேதி.

அவருக்குக் காது சூடேறியது. "எங்க தாத்தா திருடர்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் எங்கே சார் சொன்னேன்? பதிவேடே சொல்லலையே. 'சொல்வதற்கில்லை'ன்னு எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாருங்க."

"மேலதிகாரி கொடுத்தது இது. எங்க குடும்பத்துல நாலு தலைமுறைக்குத் தெரியும். இந்த நீளக் கணக்கே தப்பு. முப்பதரை அங்குலத் தடியை வெச்சுக்கிட்டு ஆம்பளைங்க நடக்க முடியுமா?"

"அதைத்தான் சார் நானும் கேட்கலாம்னு இருந்தேன். எப்படி நடந்தீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். கைப்பிடியைப் பொருத்தி, தடியை நெடுக வைத்து, எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அளந்தார். முப்பதரை. நாடாவின்மேல் சந்தேகப்பட்டு அளவுக் கம்பத்தில் நிறுத்தி அளந்தார். முப்பதரை. கம்பத்தின்மேல் சந்தேகப்பட்டு அதன் முத்திரைகளைக் குனிந்து பார்த்தார். ஆண்டுவாரியாக வரிசையாய் அடிக்கப்பட்டிருந்த முத்திரைகளில் மூன்று அவருடைய எண்ணைத் தாங்கி நின்றன. 'சரி' என்று அடித்தவரே அவர். இனி யாரிடம் போய் முறையிடுவது?

"கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க சார். கையைத் தொங்கவிடுங்க. செருப்போட" என்று சொல்லிக் கடைக்காரம்மா அவருடைய மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரை அளந்தார். "முப்பத்தஞ்சு. நாலரை அங்குலம் குறைவா ஊன்றியிருக்கீங்க."

அரை அங்குலத்துக்காக ஒரு கடையின் கோலைத் தோளில் சுமந்து போனவர் நாலரை அங்குலக் குறைவை எட்டு ஆண்டுகள் ஊன்றியிருக்கிறார் என்பதைக் கடைக்காரம்மா எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரை அதிகம் உறுத்தியது. அலமாரியிலிருந்து முப்பத்தைந்து அங்குலத் தடியொன்றைக் கொடுத்துப் பித்தளைப் பட்டையில் நடக்கச் சொன்னார் கடைக்காரம்மா. முதல் நான்கு அடிகள் யாரோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் இருந்தது. எட்டாம் அடியில் அலமாரியின் மேல்தட்டு தெரிந்தது. பன்னிரண்டாம் அடியில் கண்ணாடியில் ஓர் ஆள் எதிரே வந்தார். அவரைப் பணியில் இருந்த காலத்தில் பார்த்ததாக நினைவு.

"அந்த அம்மா என்ன ஆனாங்க?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"பதினோரு வியாழக்கிழமை வந்து கேட்டாங்களாம். அப்புறம் எங்க தாத்தா புதுசாவே ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டார். அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா பொருள் வரலையே, அதனால கோடு போடல. பக்கத்துல பாருங்க, அவங்க சொன்னதையும் எழுதி வெச்சிருக்கு."

ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: 'எடுத்துச் சென்றவர் என்னைவிட உயரமானவர் என்கிறீர்கள். அப்படியானால் அவருக்குத் தனியாகத் தண்டனை வேண்டாம்.'

"ஒட்டித் தர்றேன் சார், சனிக்கிழமை வாங்க. இது பழுதுக்கு வந்த பொருள், பழுது பார்க்க வேண்டியது எங்க வேலை. அதுக்கப்புறம் கொண்டுபோறதும் விட்டுட்டுப் போறதும் உங்க இஷ்டம். பிடிச்சு வெச்சுக்க மாட்டேன். கொண்டுபோனா வரி திறந்தே இருக்கும். அறுபத்தொன்பதாவது தடவை எழுதறதுல எனக்குக் கையெல்லாம் வலிக்காது. விட்டுட்டுப் போனா ரெண்டு வரியும் முடியும். உங்க குடை ரெடி."

"எந்தக் குடை?"

"1127. அந்த வியாழக்கிழமையிலேருந்து ரெடி. துணி மட்டும் இருபது வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுவோம். ரெடின்னு எழுதிட்டா ரெடியா இருக்கணுமில்ல?"

சனிக்கிழமைவரை இரவலாகக் கிடைத்த முப்பத்தைந்து அங்குலத் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவரைக் கதவைத் திறந்த மனைவி ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்த்தார். "ஏங்க, நீங்க இவ்வளவு உயரமா?" என்றார். எட்டு ஆண்டுகளாகத் தலைவாசலில் இடிக்காத நெற்றி அன்று இடித்தது.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த மனைவி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காகப் பருப்பில் கல் பொறுக்கினார்.

"தேதி ஒண்ணா இருக்குன்னா சொன்னீங்க?"

"ஒரே நாள்."

"அப்ப எரிஞ்சது ஆபீஸ் இல்லைங்க. குடையை வாங்கப் போன மனுஷன் வேற எவளோ பொம்பளையோட தடியோட வீட்டுக்கு வந்தா, உங்க பாட்டி சும்மா விட்டிருப்பாங்களா? 'குடை எங்கே'ன்னு கேட்டிருப்பாங்க. அந்த நிமிஷம் பிடிச்ச தீதான் இது. வாசப்படியிலேயே பிடிச்சிருக்கு."

"மேலதிகாரி கொடுத்தார்னு எழுதியிருக்காரே, தன் கையாலயே."

"அந்த மேலதிகாரி நாலடி ஒன்பது அங்குலமா? ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாராமா?"

அவர் படுக்கையறைக்குப் போய் வெறுமையான இரண்டு கொக்கிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவருடைய மனத்தில் ஓடிய கணக்கு எளிமையானது. தடியை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு பொறுப்பு முடிந்தது. அது இனித் தம்பியின் தடி, தம்பியின் முதுகு. உண்மையைச் சொன்னால் தாத்தா திருடர், அப்பா திருட்டுப் பொருளை வைத்திருந்தவர், தாம் எட்டு ஆண்டுகள் ஒரு பெண்ணின் தடியை ஊன்றிக்கொண்டு பெருமைப்பட்ட ஆய்வாளர். எழுபது வயதில் நாற்பது பேர் முன்னால் இதற்கெல்லாம் ஒரு மனிதர் தாமாக எழுந்து நிற்க வேண்டுமா? வியாழக்கிழமை முழுவதும் வேண்டாமென்று முடிவு செய்தார். மனைவியும் வற்புறுத்தவில்லை. "உங்க முதுகு, உங்க குடும்பம்" என்று சொல்லித் தைலப் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். இரண்டு நாட்களாக அதற்கு வேலையில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணா, தடியைக் கொஞ்சம் பாலிஷ் போட்டு வெச்சிருங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"ம்."

"இன்னொரு விஷயம், சிரிக்காதீங்க. போன வருஷமே நீங்க அசந்த நேரம் நூல் வெச்சு அதை அளந்துட்டேன். முப்பதரை அங்குலம். திரைச்சீலைக் கம்பி ஒண்ணு சும்மா கிடந்தது, அதே நீளத்துக்கு வெட்டி வெச்சு, ஒரு வருஷமா வீட்டுக்குள்ளேயே நடந்து பழகறேன். முதல்ல வரவே மாட்டேன்னுச்சு. இப்ப முதுகு நல்லா வளையுது. உங்க மருமகள் பார்த்துட்டு அப்படியே பெரிய மாமா மாதிரி இருக்குன்னு சொல்லிட்டா!"

"வலிக்கலையாடா?"

"வலிக்காம பணிவு வருமா அண்ணா? அதான் சங்கதியே."

அவர் தொலைபேசியை வைத்தார். முப்பத்தோர் ஆண்டுகள் அவர் கையாண்ட சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அளவு குறைந்த கோல் ஒருவரிடம் இருப்பது தவறுதான். அறியாமல் வைத்திருந்தால் எச்சரித்து விட்டுவிடலாம். குறைவென்று அறிந்தபின் அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் குற்றம். அதற்கு அவர் ஒருவரைக்கூட மன்னித்ததில்லை. "தெரியாம கொடுத்துட்டேன் சார்" என்றவர்களிடம், "தெரிஞ்ச தேதியை எழுதுங்க" என்று படிவத்தை நீட்டுவார். இப்போது அவருக்குத் தெரிந்த தேதி புதன்கிழமை.

சனிக்கிழமை கடையில் தடி தயாராக இருந்தது. ஒட்டு எங்கேயென்று அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் எடுத்தார், ஒருமுறை ஊன்றினார், முதுகு தானாக வளைந்தது. வளைந்தவாறே மேசைமேல் தடியைக் கிடத்தினார்.

"கோடு போடுங்க" என்றார்.

"நீங்கதான் சார் போடணும். கொண்டுவந்து கொடுக்கிறவங்க போடறது வழக்கம்."

சிவப்பு மையும் அடிக்கோலும் வந்தன. அவர் அடிக்கோலைப் பழக்கத்தின்படி கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவில்லையென்று உறுதி செய்துகொண்டு, 1126-இன்மேல் ஒரு கோடும், 1127-இன்மேல் ஒரு கோடும் இழுத்தார். கடைக்காரம்மா பழுப்புக் காகிதத்தில் சுற்றிய குடையை இரு கைகளாலும் கொடுத்தார். "தாமதத்துக்கு மன்னிக்கணும்னு அப்பவே சொல்ல வெச்சிருந்தாங்க. ஆள் வராததால சொல்ல முடியல. இப்ப சொல்லிட்டேன்." தாத்தாவின் சார்பில் அவர் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். பிறகு தாத்தாவின் சார்பில் ஒரு மன்னிப்பும் கேட்டார். தாம் கைப்பிடித்திருந்த முப்பத்தைந்து அங்குலத் தடியைத் தமக்கென்றே வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நுழைந்தபோது முதலில் எழுந்தது கவலைதான்.

"பெரியப்பா, உடம்புக்கு என்ன? ஏன் இப்படி நிமிர்ந்து நடக்கறீங்க?"

"சுளுக்கா இருக்கும். நாற்காலி போடுங்க."

"என்னமோ அண்ணா, வயசு ஏற ஏற உங்களுக்குத் தலைக்கனம் வந்த மாதிரி இருக்கு" என்றார் தம்பி. வளைந்த முதுகோடு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்ததால் அவருக்குக் கழுத்து வலித்தது. "தடி எங்கே?"

சற்று நேரத்தில் ஒலிவாங்கியில் தம்பியின் தீ மூன்றாம் மாடியை எட்டியது. நான்காம் மாடிக்குப் போகுமுன் அரையங்குலம் குறுக்கிட்டார். பேச்சு அவருக்கு வராது, வாசிக்க வரும். படியெடுத்து வந்த இரண்டு வரிகளையும், ஓரக் குறிப்பையும், தேதியையும் அலுவலகக் குரலில் வாசித்தார். குளியலறைச் சன்னலையும் விடவில்லை. "அளவில் நாலரை அங்குலம் குறைவு. உரியவர் இடத்தில் ஒப்படைக்கப்பட்டது" என்று முடித்து, காகிதத்தைப் பிரித்துக் குடையைத் தம்பியின் கையில் வைத்தார்.

பின்வரிசையில் மருமகள் ஒருத்தி சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டாள். தம்பியின் முகம் வெளுத்தது, சிவந்தது. ஓராண்டுக் காலம் திரைச்சீலைக் கம்பியோடு பாடுபட்ட மனிதர் அவர். அவர் அழுதுவிடுவாரோ என்று அரையங்குலமே பயந்தார். தம்பி குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்.

"மூணு கம்பி முறிஞ்சிருந்ததுன்னு வாசிச்சார் அண்ணா. எப்படி முறிஞ்சதுன்னு யாராவது யோசிச்சீங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை.

"தீயை அணைக்க மேலேயிருந்து தண்ணி கொட்டுது. உள்ளே கோப்பு இருக்கு. நனைஞ்சா போச்சு. அப்ப ஒரு மனுஷன் என்ன செய்வார்? குடையை விரிச்சுக்கிட்டு உள்ளே போவார்! மேலேயிருந்து உத்தரம் விழுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கம்பி முறியாம என்ன செய்யும்?"

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையும் தொடர்ந்தது. "தடின்னு சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குடைன்னாதான் பொருத்தமா இருக்கு" என்று ஒருவர் எழுந்து சொன்னார். தையற்பள்ளித் தலைமையாசிரியை மேல்மாடியிலிருந்து காப்பாற்றப்பட்டவராக இருக்கலாம் என்று இன்னொருவர் கருதினார். தட்டச்சுப் பெண்ணின் இடம் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

"நான் வாசிச்சது யார் காதுலயும் விழலையா?" என்றார் அரையங்குலம் மனைவியிடம்.

"விழுந்துச்சு. அளவு சரியா இல்லைன்னு வெட்டித் தெச்சுக்கிட்டாங்க."

குறிப்பேட்டையும் அன்றைக்கே தம்பியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தாவின் வரிகளின்கீழ் பதிவேட்டின் இரண்டு வரிகளையும் அவர் முதல்நாளே மையால் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குமேல் செய்வதற்கு அவருடைய அதிகாரத்தில் எதுவுமில்லை.

புகைப்படக்காரர் எல்லாரையும் வரிசைப்படுத்தினார். தம்பி குடையை ஊன்றி நடுவே வந்தார். அது முழு ஆணுயரத்துக்கு அமைந்த குடை. கைப்பிடியைப் பற்றியதும் அவருடைய முதுகு நேராகிவிட்டது. இரண்டு அடி வைத்தார், திகைத்து நின்றார். கூட்டத்தின் முகத்திலும் சங்கடம் படர்ந்தது. பார்ப்பதற்கு யாரோ வெளியாள் மாதிரி இருந்தார். அப்போது தம்பியின் கை கைப்பிடியை விட்டு மெல்லக் கீழே நழுவியது. சுற்றிய துணியின்மேல் ஓரிடத்தில் இறுகப் பிடித்தது. வலத்தோள் தாழ்ந்தது, முதுகு வளைந்தது, பார்வை தரைக்குப் போனது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டுப் புன்னகைத்தார்கள்.

வரிசையின் ஓரத்தில் நிமிர்ந்து நின்ற அரையங்குலம் தரையிலிருந்து தம்பியின் கைவரை கண்ணாலேயே அளந்தார். பழகிய கண் அது.

"முப்பதரை" என்றார் மனைவியின் காதருகில்.

"சரியா இருக்கா?"

"அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை."